அண்ணன் பிரிக்காத பாக்கெட்

1

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் ஊர் அட்டைக் கடையில் புதுச் சரக்கு இறங்கும். எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். சென்னைக்குத் தெற்கே என் சொந்த ஊரான கோவளத்தில் இருந்து படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து வருடமாக நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஒஹையோ மாநிலத்துச் சின்ன ஊரைத்தான் சொல்கிறேன். அட்டை என்றால் பேஸ்பால் அட்டை. நம்மூருக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி இவர்களுக்குப் பேஸ்பால். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் அடித்தது, ஓடியது, பிடித்தது எல்லாம் எண்களாக இருக்கும். பளபளக்கும் உறை ஒன்றுக்குள் பத்துப் பன்னிரண்டு அட்டைகள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் கூட்டம் வருகிறது.

என் மகள் மீராவுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் மூன்றரைக்கே போய் வரிசையில் நின்றுவிடுவோம். ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் கொடுப்பார்கள் என்பதால் என்னையும் ஓர் ஆளாகக் கூட்டிப் போகிறாள். வாங்கியதைக் கடையின் கண்ணாடி மேஜையிலேயே வைத்துப் பிரிக்க வேண்டும் என்பது அங்கே வருகிறவர்களின் வழக்கம். அதற்காகவே மேஜைக்குப் பக்கத்தில் பெரிய குப்பைத்தொட்டி வைத்திருக்கிறார்கள். நாற்பது வயது ஆண்களும் எட்டு வயதுப் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று உறையைக் கிழிப்பார்கள். அந்த 'சர்ர்' என்ற சத்தம் நாலாப்பக்கமும் கேட்கும். நான் அப்போது வெளியே போய்க் கார் கண்ணாடியைத் துடைப்பேன்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு நீ பிரி. ப்ளீஸ்" என்பாள் மீரா, வாராவாரம். அவள் பேசுவதைத் தமிழில் எழுதுகிறேனே தவிர முக்கால்வாசி ஆங்கிலம்தான்.

"கை ஈரமா இருக்கு" என்பேன்.

அம்மாவின் கை பிறந்ததிலிருந்தே காயவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். உண்மை இதுதான்: உள்ளே நல்லது இருக்குமா என்று ஆசைப்பட வைக்கிற எந்த உறையையும் நான் பிரிப்பதில்லை. பால் பாக்கெட் பிரிப்பேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு ஐம்பது ஊசி உறைகளைப் பிரிக்கிறேன், கை நடுங்கியதே இல்லை. நான் குத்தினால் வலிப்பதில்லை என்று என் பெயர் சொல்லிக் கேட்டு வருகிற நோயாளிகள்கூட உண்டு. ஆனால் தபால் வந்தால் தொட மாட்டேன். அதெல்லாம் என் கணவர் குமாரின் வேலை.

குமார் இப்போது வேலை விஷயமாக இரண்டு வாரம் டெக்சாஸ் போயிருக்கிறார். போன வாரம் திங்கட்கிழமை குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. பச்சை அட்டைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, வரிசையில் நின்று, கூந்தலில் நரை விழுந்த பிறகு வந்திருக்கிற கவர். அதை ஃப்ரிட்ஜ் மேலே வைத்தேன். "வந்துச்சா?" என்று குமார் தினமும் போனில் கேட்டார். "இன்னும் வரல" என்று தினமும் பொய் சொன்னேன்.

2

கைராசி என்ற சொல்லை இந்த நாட்டுக்காரர்களுக்கு விளக்க நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். 'அதிர்ஷ்டம்' என்று மொழிபெயர்த்தால் போதாது. அதிர்ஷ்டம் தலைக்கு மேலே எங்கோ இருப்பது. கைராசி ஓர் ஆளின் கையில், சதையில் இருப்பது. கைராசிக்காரர் தொட்டால் துலங்கும், அவ்வளவுதான். படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அது என் அண்ணன் ஏழுமலையிடம் இருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவன். அப்பா மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர், அம்மா வீட்டில். கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே காதர் பாயின் பெட்டிக்கடை. அங்கே ஒரு பபிள்கம் விற்றார்கள். சின்னக் காகித உறை, உள்ளே ரோஸ் நிறத்தில் பபிள்கம், கூடவே ஒரு கிரிக்கெட் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஆட்டக்காரர், பின்னால் அவர் எடுத்த ஓட்டங்கள். எங்கள் தெருவுக்கே அந்தச் சீட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. பையன்கள் மட்டும்தான் சேர்ப்பார்கள் என்று இருந்ததை உடைத்தவள் நான். ஆனால் என் கை பொல்லாத கை. எத்தனை பிரித்தாலும் ஒரே மொட்டைத்தலை அம்பயரின் படம்தான் வரும். ஆட்டக்காரர்கள் சீட்டில் அம்பயரை ஏன் போட்டார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து, "இன்னா சீட்டு வோணும் உனுக்கு? பேரச் சொல்லு" என்றான். சொன்னேன். மறுநாள் கடைக்குக் கூட்டிப் போனான். பாயிடம் அவனே கை நீட்டி வாங்கினான். "கண்ண மூடிக்கினு அஞ்சு எண்ணு" என்றான். எண்ணி முடித்தேன். ஒட்டியிருந்த ஓரத்தில் கை வைத்து ஒரே இழுப்பில் கிழித்தான். நான் கேட்ட அதே சீட்டு.

ஒருமுறை என்றால் தற்செயல். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒரு சீட்டைக் கேட்பேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ அவன் கை அதை வரவழைக்கும். தனக்கென்று அவன் ஒரு சீட்டும் வரவழைத்துக்கொண்டதே இல்லை.

விஷயம் பரவிவிட்டது. காதர் பாய் காலையில் கடை திறந்ததும், "ஏழுமல, நீ வந்து போணி பண்ணுடா" என்று கூப்பிடுவார். புது வலை இறக்குகிறவர்கள் அவனை ஒருமுறை தொடச் சொல்வார்கள். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிதழை வீட்டில் யாரும் பிரிக்கவில்லை, அவன் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தோம். பன்னிரண்டாவதுக்கும் அப்படியே. செங்கல்பட்டில் ஆய்வகப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதத்தையும் அவன்தான் பிரித்தான். அந்தப் படிப்பில் முதல் ஊசி குத்திப் பழகக் கையை நீட்டியவனும் அவன்தான். நான்காவது குத்தில்தான் எனக்கு நரம்பு கிடைத்தது. முழங்கை நீலமாகிவிட்டது.

"வலிக்கவே இல்ல வேதா. உன் கைதான்டி கை" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன்.

3

இனி எழுதப்போவதைப் பதினைந்து வருடமாக யாருக்கும் எழுதவில்லை. குமாருக்கே பாதிதான் தெரியும்.

எனக்குக் கல்யாணம் முடிந்து குமார் முன்னால் அமெரிக்கா போயிருந்தார். நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். இங்கே கேட்கிற போட்டோவுக்குச் சதுர அளவு, வெள்ளைப் பின்னணி, சிரிக்கக் கூடாது, காது தெரிய வேண்டும். அண்ணன்தான் செங்கல்பட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனான். நான்கு பிரதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றுதான் இருந்தது. "ஒரு வேலைக்கு லாயக்கு இல்ல, எங்க தொலச்ச?" என்று அவனைப் பிடித்துக் கத்தினேன். "மூணு போதும்ல, வுடு" என்று சிரித்தான்.

நேர்காணலில் அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். மேலும் பரிசீலிக்க வேண்டும், முடிவு கூரியரில் வரும் என்று அதில் இருந்தது. வாரக்கணக்கில் காத்திருந்தேன். ஓர் ஆடி மாதக் காலையில் எட்டரை மணிக்குக் கூரியர்க்காரர் ஒரு தடித்த கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே விசாவும் இருக்கலாம், மறுப்பும் இருக்கலாம்.

அண்ணன் அப்போது மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். செங்கல்பட்டில் நண்பர்களோடு அறை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியிருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போன் செய்தேன்.

"ண்ணா, கவர் வந்துகீது."

"பிரிச்சியா?"

"நான் எப்படிப் பிரிப்பேன்? நீ வா."

"ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்துட்டு வந்துகிறேன் வேதா. கண்ணு எரியுது. செத்த தூங்கிட்டு மதியானமா வரட்டா?"

"அதெல்லாம் ஆவாது. எனக்கு உசுரே போவுது. இப்பவே வா."

அவன் சிரித்தான். "சரி வரேன். கவரத் தொடாத, இன்னா? உன்கைல ஒண்ணு சொல்லணும், வந்து சொல்றேன்."

கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், பிறகு ஈசிஆர் கடற்கரைச் சாலையில் வடக்கே கோவளம். பைக்கில் ஒன்றரை மணி நேரம் போதும். பத்து ஆனது, பதினொன்று ஆனது. எங்கேயாவது டீ குடிக்க நின்றிருப்பான் என்று அம்மா சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு அப்பாவுக்குப் போன் வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி ரோட்டோரப் புளியமரத்தில் மோதியிருந்தான். எதிரே வண்டி எதுவும் வரவில்லை, பிரேக் பிடித்த தடமும் இல்லை, தூங்கியிருப்பான் என்றார் போலீஸ்காரர். நான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட அதே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது முடிந்திருந்தது.

கருமாதி முடிந்த பிறகு மாமா அந்தக் கவரைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தார். விசா கிடைத்திருந்தது. கிடைக்காமல் போயிருந்தால் அந்த ஊரிலேயே கிடந்து அழுதிருப்பேன். கிடைத்ததால் கிளம்ப வேண்டியதாயிற்று.

4

அண்ணனின் சட்டைப் பையில் இருந்தவற்றை ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். கம்பெனி அடையாள அட்டை, சீப்பு, இவற்றோடு ஒரு பபிள்கம் பாக்கெட்.

அதே பபிள்கம். பிரிக்காதது. மூலையில் மட்டும் ரத்தம் பட்டு உலர்ந்திருந்தது. அந்தப் பபிள்கம் சந்தையிலிருந்து மறைந்து பல வருடம் ஆகியிருந்தது. காதர் பாய் கடையே போன் ரீசார்ஜ் கடையாக மாறிவிட்டது. இவனுக்கு மட்டும் எங்கே கிடைத்தது? எதற்காகப் பையில் வைத்துக்கொண்டு வந்தான்? வந்து சொல்கிறேன் என்றது என்ன? அவனுக்கு யாரோ ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, அதைச் சொல்ல நினைத்திருப்பான் என்று அம்மா நம்பினாள். அந்தப் பெண்ணைத் தேடி மறைமலைநகர்வரை ஆள் அனுப்பினாள். அப்படி யாரும் இல்லை.

நான் அந்தப் பாக்கெட்டை ஒரு ஜிப் கவரில் போட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் தூக்கி மேஜைமேல் வைத்த அதிகாரி இதையும் எடுத்து, உணவுப் பொருளா, பிரித்துக் காட்டு என்றார். என் அண்ணனுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பதற்றத்தில் "திஸ் இஸ் மை பிரதர்" என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மூலையிலிருந்த கறையைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதைத் திரும்ப என் பெட்டிக்குள் வைத்தார்.

தப்பாகப் பேசிவிட்டோமே என்று பிறகு வெட்கப்பட்டேன். இப்போது யோசித்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இந்தப் பதினைந்து வருடத்தில் அவன் என் வீட்டில் இல்லாத நாளே இல்லை. தூங்கும்போது கனவில் வருவான் என்று சொல்லவில்லை. பட்டப்பகலில், பாத்திரம் தேய்க்கும்போது, பின்னால் பைக் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்கும். திரும்ப மாட்டேன். "கண்ணு எரியுது வேதா" என்பான். குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவேன். இப்பவே வா என்று நான் சொன்ன அந்த இரண்டு சொல்லும் எனக்கே என் குரலில் கேட்கும். யாராவது எதையாவது கிழித்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

5

திதி போன வாரம் வந்தது. அம்மா பஞ்சாங்கம் பார்த்து வியாழக்கிழமை என்றாள். நம்மூர் வியாழன் விடியும்போது இங்கே புதன் பகல்கூட முடிந்திருக்காது. எந்த நாளில் படைப்பது என்ற குழப்பத்தில் நான் இரண்டு நாளும் படைத்துவிடுவேன். இங்கே செத்தவர்களுக்கும் இரண்டு தேதி.

மீராவுக்குக் கோடை விடுமுறை. சுவரில் மாட்ட எனக்குத் துணிச்சல் இல்லாததால் அண்ணனின் போட்டோ பெட்டிக்குள்தான் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை எடுப்போம். நான் அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்ததால் அவளை எடுத்து வரச் சொன்னேன். போனவள் வரவில்லை. "மீரா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

வந்தாள். ஒரு கையில் போட்டோ. மறு கையில் அந்த ஜிப் கவர்.

"அம்மா! இது கார்டு பேக்! விண்டேஜ்! சீல் உடைக்காத விண்டேஜ் பேக்கை இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சிருந்தியா?"

"அதைக் கீழ வை."

"யாரோடது?"

"வைன்னு சொல்றேன்ல!"

நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கீழே வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, "உன் பிரதரோடதா?" என்றாள். மாமா என்று சொல்லப் பழகவில்லை. பார்க்காத ஆளை எப்படி உறவு சொல்லிக் கூப்பிடுவாள்? என் பிரதர், எனக்கு மட்டும் சொந்தமான ஆள். அவளுக்கு அவன் ஒரு விபத்து, ஒரு போட்டோ, இரண்டு நாள் வடை.

அடுப்பை அணைத்தேன். உட்கார்ந்து சொன்னேன், கைராசி, சீட்டு, கவர், போன், புளியமரம் எல்லாவற்றையும். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மீரா அழவில்லை. கூர்ந்து கேட்டாள்.

"அம்மா, நான் பிரிக்க மாட்டேன். பார்க்க மட்டும் பார்க்கலாமா?"

தன் அறைக்குப் போய்ச் சின்ன லென்ஸும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தாள். அட்டைகளின் மூலை மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது. போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, உறையின் ஒட்டிய ஓரத்தை நெடுநேரம் பார்த்தாள். முகம் மாறியது.

"அம்மா, சாரி. இது ரீசீல்."

"அப்படின்னா?"

"திருட்டு வேலை. சிலபேர் பேக்கை மெதுவாப் பிரிச்சு, நல்ல கார்டை எடுத்துட்டு, சும்மா ஒண்ணை வச்சு மறுபடி ஒட்டி வித்துடுவாங்க. அட்டைக் கடை வச்சிருக்கிற தாத்தா எங்களுக்குக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்காரு. இதோ பாரு, கீழ மஞ்சளா ஒரு கோடு, அது கம்பெனி பசை. அதுக்கு மேல வெள்ளையா வேற பசை. பொரபொரன்னு இருக்கு. இதுல... இது என்ன, அரிசியா?"

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் நசுங்கி, காய்ந்து, கண்ணாடியாக ஒட்டிக்கிடந்தது அரைப் பருக்கை சோறு.

6

அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானமே படையல் முடிந்து காக்காய்க்கும் வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா, அண்ணன் சின்னப் புள்ளைல சோத்த எடுத்துகினு எங்கனா போவானா?"

"இன்னாடி திடீர்னு கேக்குற? போவானே! வடிச்சி எறக்கறதுக்குள்ள ஒரு புடி அள்ளிகினு மாடிக்கு ஓடுவான். அப்பாவோட பிளேட வேற காணாப் பூடும். எதுக்குடான்னா காத்தாடி ஒட்றேன்னுவான். ஒரு காத்தாடியும் வுட்டு நான் பாக்கல. ஒரே பேஜாரு அவன்கூட."

"தெனமுமா?"

"நீ எதுனா கேட்டு அழுத அன்னிக்கெல்லாம்."

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள்.  வடை கருகுது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கேட்ட அன்றே அவன் கை வேலை செய்ததே இல்லை. மறுநாள்தான், அல்லது அதற்கு மறுநாள். பாயிடம் அவனே கை நீட்டி வாங்கினான். என்னைக் கண்ணை மூடச் சொன்னான். ஒட்டிய ஓரத்திலேயே கிழித்தான். எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான். நான் கேட்ட சீட்டைத் தெருவில் எவனிடமோ ஆடி ஜெயித்தோ கெஞ்சியோ வாங்கி வந்து, பிளேடால் ஓர் உறையைப் பிரித்து, உள்ளே வைத்து, சோற்றுப் பசையால் ஒட்டிப் பைக்குள் வைத்திருந்து, நான் ஐந்து எண்ணுவதற்குள் மாற்றியிருக்கிறான். திருடர்கள் நல்லதை எடுத்துவிட்டு ஒட்டுவார்களாம். இவன் நல்லதை வைத்து ஒட்டியிருக்கிறான். ரிசல்ட் வந்த நாளிதழையும் கல்லூரிக் கடிதத்தையும் பிரிக்கும்போது எவ்வளவு பயந்திருப்பான்! அவற்றுக்குள் அவனால் எதையும் வைத்திருக்க முடியாதே.

விசா கவரும் அப்படித்தான். அவன் கையில் ஒன்றும் இல்லை என்று ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அது அவனுக்குத் தெரிந்திருந்தும், இரண்டு ஷிப்ட் பார்த்த கண்ணோடு வண்டியை எடுத்தான்.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். இந்த நாட்டில் அப்படி அழுதால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார் என்று பதினைந்து வருடமாக அடக்கி வைத்திருந்தேன். கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

7

மீரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இது அவர் ஒட்டினதுன்னா, உள்ள இருக்கிறது உனக்கு வச்சது."

"ம்."

"நான் பிரிக்கட்டா?"

அதுவரை யோசிக்காத ஒன்று நடந்தது. வேண்டாம் என்று என் வாய் சொல்லிவிட்டது. கை ஈரமாகத்தான் இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு பாக்கெட்டை எடுத்தேன். அவன் எப்போதும் கிழிக்கிற ஓரம்தான். கிழிக்க வேண்டியே இருக்கவில்லை. நகத்தால் தொட்டதும் காய்ந்த சோறு மாவாக உதிர்ந்து உறை தானாகத் திறந்துகொண்டது. 'சர்ர்' சத்தம்கூட வரவில்லை.

பபிள்கம் இல்லை, அந்தக் காலத்துப் பழைய உறையைத்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். ஒரே ஒரு சீட்டு மட்டும். மட்டையை ஓங்கி நிற்கிற பழைய ஆட்டக்காரர் யாரோ. அவருடைய தலை இருக்க வேண்டிய இடத்தில் என் தலை. காது தெரிய, சிரிக்காமல், உர்ரென்று பார்க்கிற விசா போட்டோ. நான்காவது பிரதி. சுற்றி வெட்டி ஒட்டியிருந்தான். உடம்பு சின்னதாகவும் தலை பெரிதாகவும் பார்க்கவே கோரமாக இருந்தது. மீரா சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தான். மீராவுக்குத் தமிழ் படிக்க வராது. "என்ன எழுதியிருக்காரு மாமா?" என்று கேட்டாள்.

படித்துக் காட்டினேன்.

பெயர்: வேதா.
ஊர்: கோவளம்.
அணி: அமெரிக்கா (விசா வந்தா). வரலன்னா மறுபடியும் கோவளம்.
ஆடிய ஆட்டம்: பத்தாவது, பன்னெண்டாவது, லேப் படிப்பு.
ஜெயிச்சது: மூணும்.
உதவி: யாரும் இல்ல.
கைராசி: இவளுக்குத்தான். என் கையில ஊசி குத்தினப்பவே தெரியும்.
குறிப்பு: இனிமே எந்தக் கவரையும் இவளே பிரிக்கணும்.
இப்படிக்கு, சோத்துப்பசை.

வந்து சொல்கிறேன் என்றது இதைத்தான். பெண்ணும் இல்லை, ரகசியமும் இல்லை. இந்தப் பாக்கெட்டை முதலில் என்னிடம் கொடுத்துப் பிரிக்க வைத்து, அதைப் படித்து நான் திட்டித் தீர்த்த பிறகு, விசா கவரை என் கையிலேயே கொடுத்திருப்பான். அன்றைக்கு அவன் வந்ததே எதையும் பிரிப்பதற்காக இல்லை.

மனப்பாரம் இறங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இறங்கவில்லை. இப்பவே வா என்று சொன்னவள் நான்தான், அது எந்தச் சீட்டிலும் மாறாது. அடுத்த வாரம் பாத்திரம் தேய்க்கும்போது ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்கும். கேட்டால் இந்த முறை திரும்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மீரா அந்தச் சீட்டைத் தன்னிடம் இருப்பதிலேயே கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். அண்ணன் போட்டோவுக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். நான் எழுந்து ஃப்ரிட்ஜ் மேலிருந்த கவரை எடுத்தேன். கத்தரிக்கோல் தேடவில்லை. ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

ஒரே ஒரு தாள். அடுத்த மாதம் அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். என் கைரேகை வேண்டுமாம், பத்து விரலும்.